கோபிக்கு ஒரு டிக்கெட்

யாருங்க அம்மிணி போன்ல, வீட்டுக்காரரா? அதான கேட்டேன். ஈரோடு பஸ் ஸ்டாண்டுல ஏறுனதுலருந்து இது நாலாவது தடவ. ஏறிட்டியா, சீட்டு கெடைச்சுதா, ஜன்னலோரமா, பக்கத்துல யாரு உக்காந்துருக்கறாங்க. பக்கத்துல உக்காந்துருக்கறவளுக்குக் காது இருக்குதுன்னு அவருக்கும் தெரியல, உங்களுக்கும் தெரியல. கல்யாணமாகி எத்தன நாளாச்சு? மூணு மாசமா. செரி. மூணு மாசத்துக்கு இதெல்லாம் இருக்கும்.

சத்தியமங்கலமா போறீங்க? அப்ப நேரமிருக்குது. நான் கோபில எறங்கறவ. அங்க பொண்ணுங்க பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர். கோகிலவாணின்னு பேரு. பேரக் கேட்டுட்டு பாட்டு டீச்சரான்னு கேக்காதீங்க, ஊர்ல எல்லாரும் கேட்டாச்சு. நான் விசில் ஊதறவ. பதினேழு வருசமா மைதானத்துல வெயில்ல நிக்கறேன். புள்ளைங்க வுழுந்து முட்டி தேஞ்சா நான் பத்து எண்ணுவேன். பத்துக்குள்ள அழுது முடிச்சரோணும். பதினொண்ணுக்கு எந்திரிச்சு ஓடோணும். அப்படி ஓடுன புள்ளைங்க மாநில அளவுல கப்பு வாங்கியிருக்குது. மடியில வெச்சு ஊதிவிட்டிருந்தா வாங்கியிருக்குமா?

மனுசங்க ரெண்டே வகைதானுங்க. அழுது முடிக்கறவங்க, முடிக்காதவங்க. என்ற வீட்டுக்காரரு ரெண்டாவது. ஆனா இன்னிக்குக் கோர்ட்டுல ஒரு பொண்ணு, இல்லவே இல்ல மேடம், நாலு வகைங்குது.

ஆமாங்க, கோர்ட்டுலருந்துதான் வர்றேன். மூஞ்சிய அப்படி வெச்சுக்காதீங்க, எழவு ஒண்ணும் வுழுந்துரல. விவாகரத்து. ரெண்டு பேரும் சேந்து குடுத்த மனு. கடைசியா ஒருக்கா கவுன்சிலிங்குன்னு கூப்புட்டு ஒரு ரூம்ல உக்கார வெச்சாங்க. அந்தப் பொண்ணுக்கு இருபத்தஞ்சு வயசிருக்குமா? கண்ணாடி, கையில ஒரு பைலு. கழுத்துல தாலி இல்ல, கால்ல மெட்டி இல்ல. பதினொரு வருசம் குடும்பம் நடத்துனவளுக்கு அது குடும்பம் சொல்லித் தருது.

ஒரு தாளு குடுத்துச்சு. முப்பது கேள்வி. ‘உங்கள் துணை அருகில் இல்லாதபோது உங்களுக்குப் பதற்றம் ஏற்படுகிறதா?’ எப்போதும், சில சமயம், ஒருபோதும் இல்லை. நான் மேலருந்து கீழ வரைக்கும் ஒரே கோடா ஒருபோதும் இல்லைக்கு டிக்கு போட்டுட்டேன். நாலு நிமிசம். அந்த மனுசன் நாப்பது நிமிசம் எழுதுனாரு. பெயிலாகப் போற பையனாட்ட பேனாவக் கடிச்சுக்கிட்டு, ஜன்னலப் பாத்துக்கிட்டு. சில கேள்விக்குப் பக்கத்துல குட்டியா எழுதி வேற வெச்சிருக்கறாரு. டிக்கு போடச் சொன்ன எடத்துல கட்டுரை!

அத வாங்கிப் பாத்துட்டு அந்தப் பொண்ணு சொல்லுது, இதுக்குப் பேரு அட்டாச்மென்ட் ஸ்டைலாம். சின்ன வயசுல நம்மளத் தூக்கி வளத்தவங்க எப்படி இருந்தாங்களோ, அதே மாதிரிதான் கல்யாணத்துக்கு அப்பறம் புருசன் பொண்டாட்டிகிட்ட நாம இருப்பமாம். நிம்மதியா இருக்கறவங்க ஒரு வகை. எங்க விட்டுட்டுப் போயிருவாங்களோன்னு ஒட்டிக்கிட்டே கெடக்கறவங்க ஒரு வகை. கிட்ட வந்தாலே வெலகி ஓடறவங்க ஒரு வகை. ரெண்டையும் மாத்தி மாத்திப் பண்றவங்க ஒரு வகை. சாரு ரெண்டாவது, நீங்க மூணாவது மேடம்ங்குது. காய்கறி தரம் பிரிக்கற மாதிரி. படிச்சுட்டு வந்து இதச் சொல்றதுக்கு ஒரு சம்பளம், ஒரு ஃபேனு, ஒரு டேபிளு.

அவரு ஒட்டிக்கற வகைன்னு கண்டுபுடிக்கறதுக்குத் தாளு எதுக்குங்க? என்னயக் கேட்டா கல்யாணத்தன்னிக்கே சொல்லியிருப்பேன்.

கவுந்தப்பாடி அவருக்கு. மாட்டாஸ்பத்திரில உதவியாளரு. மாட்டுக்கு ஊசி போடறதுக்கு முன்னால மாட்டுகிட்ட மன்னிப்பு கேப்பாருங்க. நெசமா. ‘சாமி, சித்தெ வலிக்கும், பொறுத்துக்கோ’ம்பாரு. எருமைகிட்ட. நான் கவுந்தப்பாடிலருந்து கோபிக்குப் பஸ்ல போயிட்டு வருவேன். சாயந்தரம் அஞ்சே காலுக்கு பஸ் ஸ்டாப்புல வண்டியோட நிப்பாரு. பஸ் பத்து நிமிசம் லேட்டானா ஸ்கூல் ஆபீசுக்குப் போனு. ‘வாணி டீச்சர் கெளம்பிட்டாங்களா?’ கிளார்க்குல இருந்து வாட்ச்மேன் வரைக்கும் என்னயப் பாத்துச் சிரிப்பாங்க. தலவலின்னு சொல்லிட்டா போச்சு, தைலத்த எடுத்துட்டு வந்து பக்கத்துலயே உக்காந்துக்குவாரு. போயி வேலையப் பாருங்கன்னா, இதான் வேலைம்பாரு. தூங்கறப்ப என்ற முந்தானைய விரல்ல சுத்திக்குவாரு. சின்னப் புள்ள கெட்டுது போங்க. அதுக்காகவே நைட்டிக்கு மாறுனேன். மாறுனா, தலகாணி உறையோட நுனியப் புடிச்சுக்கிட்டுத் தூங்கறாரு.

அவங்கம்மா, என்ற மாமியா, வயக்காட்டுக்குப் போறப்பல்லாம் இவர இடுப்புல கட்டிக்கிட்டே போயி அஞ்சு வயசு வரைக்கும் எறக்கியே விடலியாமா. அதப் பெருமையா வேற சொல்லும். எறக்கி விட்டுருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்.

உங்க போனு அடிக்குது பாருங்க. எடுங்க, எடுக்கலீன்னா அழுதுருவாரு.

பேசியாச்சா? செரி. எனக்கு அப்படியெல்லாம் மூச்சு முட்டறப்ப நான் ஒண்ணும் சண்ட போட மாட்டேங்க. கத்தறது, பாத்திரத்தத் தூக்கி எறியறதெல்லாம் என்ற பழக்கமில்ல. பேசாம கெளம்பிருவேன். கோபில ஸ்கூலுக்குப் பின்னால ஒரு ரூம் வெச்சிருக்கறேன். வேலைக்குச் சேந்தப்ப எடுத்தது. கல்யாணத்துக்கு அப்பறமும் விடல. ஒரு கட்டிலு, ஒரு அடுப்பு, பூட்டுச் சாவி என்ற பையில. பதினேழு வருசமா அந்த ரூம் என்ற பேர்லதான் இருக்குது. அந்த மனுசனுக்கும் தெரியும். தெரிஞ்சு என்ன பண்ணுனாருங்கறீங்க? வருசா வருசம் பொங்கலுக்கு அவரே வந்து அதுக்கு வெள்ளையடிச்சுக் குடுப்பாரு! ஒழுகற எடத்துல ஓடு மாத்திக் குடுத்தாரு. பொண்டாட்டி கோவிச்சுட்டுப் போயி ஒக்கார்ற எடத்துக்குத் தானே வெள்ளையடிக்கற ஆம்பளைய நீங்க எங்கியாவது பாத்திருக்கீங்களா? எனக்கு அத நெனச்சாலே எரிச்சலா வருது.

நாலு தடவ அப்படிப் போயிருக்கேன். நாலு தடவையும் வந்தாரு. மொத தடவ ஆறு மணி நேரத்துல வந்துட்டாரு. ரெண்டாந் தடவ விடிஞ்சதும் மக்யா நாள் காலைல, பால்காரனுக்கு முன்னால. மூணாந் தடவ ரெண்டு நாளாச்சு, அவருக்குக் காய்ச்சலு, காய்ச்சலோடவே வந்தாரு. நாலாந் தடவ ஒண்ணரை நாளு. நான் எண்ணிக்கிட்டு உக்காந்துருக்கலீங்க. ஞாபகம் இருக்குது, அவ்வளவுதான். வந்து வாசல்ல நிப்பாரு. உள்ள வர மாட்டாரு. ‘போலாமா வாணி?’ம்பாரு. அவ்வளவுதான் பேச்சு. நான் நல்லா நாலு வார்த்தை கேட்டுட்டு, பைய எடுத்துக்கிட்டு வண்டில ஏறிக்குவேன். மானங்கெட்ட மனுசன், எத்தன கேட்டாலும் ஒறைக்காது.

இருங்க, கண்டக்டர் வர்றாரு.

கோபி ஒண்ணு குடுங்க. என்னது? எடுத்தாச்சா? யாரு எடுத்தா?

கேட்டீங்களா அம்மிணி? எனக்கு டிக்கெட் எடுத்தாச்சாமா. முன்னால ஒருத்தர் கவுந்தப்பாடிக்கு ஒண்ணு, கோபிக்கு ஒண்ணுன்னு வாங்கி, கோபிய எங்கிட்டக் குடுக்கச் சொன்னாராமா. அதா பாருங்க, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு. சந்தனக் கலரு சட்டை, தோள்ல வெள்ளத் துண்டு. அவருதான். ஆமா, அதே மனுசன்தான். கோர்ட்டுலருந்து ரெண்டு பேரும் ஒரே பக்கந்தான போகோணும், வேற பஸ்ஸா இருக்குது? அவரு முன்னால ஏறுனாரு, நான் பின்னால ஏறுனேன்.

சத்தமாவா பேசறேன்? கேக்கட்டுமே. கேக்காதுங்க, முன்னால பாட்டு அலறுது.

ஆனா இதப் பாருங்க. கோபிக்கு எடுத்திருக்கறாரு. கவுந்தப்பாடிக்கு ரெண்டா எடுக்க வேண்டியதுதான? அவரு பொண்டாட்டிதான இன்னும்? ஜட்ஜ் முன்னால நிக்கறது வர்ற பதினெட்டாந் தேதி, அது வரைக்கும் பொண்டாட்டிதான? ரெண்டு எடுத்துக் குடுத்தா நான் என்ன கிழிச்சா போட்டுருவேன்? கிழிச்சுத்தான் போட்டிருப்பேன். அது வேற விசயம். எடுக்கறதுக்குத் துப்பு இருக்கோணுமில்ல.

எதுக்குப் பிரிஞ்சீங்கன்னு கேக்கத் தோணுது, ஆனா மரியாதைக்குக் கேக்காம இருக்கறீங்க. சொல்றேன். போன வருசத்துக்கு முந்தின வருசம் மே மாசம். எங்களுக்குப் புள்ள இல்லைங்க. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி எறங்கி, ரெண்டு பேருக்கும் ஒரு கொறையும் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. எனக்கு அது ஒரு பெரிய விசயமே இல்ல. மாமியாக்காரிக்குத்தான் விசயம். என்ன சொல்லுச்சுன்னா, ஒரு புள்ளையக் கொண்டாந்து வீட்டுல வெச்சு வளத்துனா வயிறு தொறக்கும்னு. எங்க பக்கம் அப்படி ஒரு நம்பிக்கை. உங்களுக்கும் தெரிஞ்சிருக்குமே. பவானில கட்டிக் குடுத்த அவங்க பொண்ணுக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க. அதுல சின்னது, ஆறு வயசு, தன்விகான்னு பேரு. ஒரு வருசம் இங்க இருக்கட்டும், இங்கயே ஒண்ணாப்பு சேத்தரலாம்னு ஆத்தாளும் மகனும் பேசி முடிச்சுட்டாங்க. இவரு அதுக்கு ஒரு சைக்கிள் வேற வாங்கி வெச்சுட்டாரு.

அது வந்துச்சுங்க. ஒரு பேக்கு, ஒரு தலகாணி, ஒரு தண்ணி பாட்டிலு. பாவம்னு நெனைக்காதீங்க, பாவமெல்லாம் ஒண்ணுமில்ல, எல்லாரும் தூக்கித் தூக்கி வெச்சுக்கிட்டாங்க. என்ன வேணும் கண்ணு, தோசையா இட்லியான்னா, ‘எதுனாலும் பரவால்லீங்க அத்தை’ங்குது. பொம்ம பாக்கறயா, வெளிய போலாமான்னா, ‘பரவால்லீங்க அத்தை’. சாப்புட்டு முடிச்சுத் தட்டக் கழுவி, எங்க வெக்கறதுன்னு கேட்டுக்கிட்டு நிக்குது. அழுகவே இல்லைங்க. ஆறு நாளு, ஒரு சொட்டு அழுகல. மாமியா ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்குது, தொந்தரவே இல்லாத புள்ளைன்னு.

ஆறு வயசுப் புள்ள பரவால்லைன்னு சொல்லலாமுங்களா? அடம் புடிக்கோணும். ஒடைக்கோணும். நான் எத்தன புள்ளைங்களப் பாக்கறேன்.

ஏழாவது நாள் காலைல, யாருகிட்டயும் சொல்லல. அத எழுப்பி, தல சீவி, பேக்க எடுத்து, பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போயி பவானில அவ ஆத்தாகிட்ட விட்டுட்டேன். வழியெல்லாம் என்ற சுண்டு விரலப் புடிச்சுக்கிட்டே வந்துச்சு. விடல நானு. கூட்டமுங்க, தொலைஞ்சுட்டா யாரு பதில் சொல்றது? அங்க போனா நாத்தனாரு வாயப் பொளந்துக்கிட்டு நிக்கறா. ‘ஏனுங்கண்ணி, புள்ள எதாச்சும் தப்புப் பண்ணிட்டாளா?’ன்னு. ‘தப்பு நீ பண்ணுன. ராசிக்கு அனுப்பி வெக்கறதுக்கு இது என்ன கோயில் ஆடா? உன்ற புள்ளைய நீ வளத்து’ன்னு சொல்லிட்டு அடுத்த பஸ்ஸுல ஏறிட்டேன். நேரா கோபி ரூமுக்கு.

அவ்வளவுதான். மாமியா அன்னிக்கே ஆரம்பிச்சுட்டுது, பச்சப் புள்ளைய வீட்ட வுட்டுத் தொரத்துனவ, மனசே இல்லாதவ, அதான் ஆண்டவன் வயித்த அடைச்சுட்டான்னு. சொல்லட்டும். அவங்ககிட்ட நல்ல பேரு வாங்கி எனக்கென்ன ஆகோணும்?

அந்த மனுசன் எட்டாவது நாள் வந்தாரு. எட்டு நாளு! ஆறு மணி நேரத்துல வந்த ஆளு. அதும் ரூமுக்கு வரல, ஸ்கூலுக்கு வந்தாரு. மத்தியானம். விளையாட்டு விழாவுக்காக லீவுலயும் அறுபது புள்ளைங்க கவாத்து பண்ணிக்கிட்டிருக்குது, இவரு கையில டிபன் கேரியரோட மைதானத்துக்கு நடுவால நடந்து வர்றாரு. ‘வாணி, ஏன் இப்படிப் பண்ணுன, எங்கிட்டச் சொல்லு, சாப்புட்டியா’ன்னு எல்லாத்தையும் ஒரே மூச்சுல கேக்கறாரு. எனக்கு என்ன வந்துச்சோ, விசில ஊதுனேன். ஊதிட்டு, ‘யாருங்க நீங்க? பேரண்ட்ஸ் எல்லாம் ஆபீஸ்ல போயிக் கேளுங்க’ன்னேன். புள்ளைங்க சிரிச்சுதுங்க. அறுபது புள்ளைங்களும்.

நல்லா வேணும். நின்ன எடத்துலயே நின்னாரு. அப்பறம் கேரியரக் கொடிக்கம்பத்து மேடையில வெச்சுட்டுப் போயிட்டாரு.

அதுக்கப்பறம் வரலீங்க. ஒரு வார்த்தைக்கு ஒரு மனுசன் இப்படி வராம இருப்பானா? விளையாட்டாச் சொன்னது அது. கோவத்துல சொன்னதுதான், ஆனா விளையாட்டு. ஒரு வாரம், ரெண்டு வாரம். ஆடி வந்துச்சு, ஆவணி வந்துச்சு. பொங்கலுக்குக்கூட வெள்ளையடிக்க வரல, நானே ஆளு வெச்சு அடிச்சேன். கடைசில, செரி, இந்தாளு வேற எதுக்கும் மசிய மாட்டாருன்னு வக்கீல வெச்சு நோட்டீஸ் அனுப்புனேன். நோட்டீஸப் பாத்தா அலறியடிச்சுட்டு ஓடி வருவாருன்னு யாருக்குந்தான தோணும்? வரல. சம்மதம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தபால்ல அனுப்புறாரு. பதினொரு வருசம் முந்தானையப் புடிச்சுக்கிட்டுத் தூங்குன ஆளு. இந்தப் பாசத்தத்தான் அந்தப் பொண்ணு ஒட்டிக்கற வகைன்னு ஒரு வகையில சேக்குது. எங்க ஒட்டுச்சு?

இருபத்தோரு மாசமாச்சு. பத்தொம்பது நாளு.

இன்னிக்கு அந்த ரூம்ல என்ன நடந்துச்சுன்னு கேளுங்க, உங்களுக்கே சிரிப்பா இருக்கும். தாள வெச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு கேக்குது, ‘சின்ன வயசுல நீங்க அழுதா யாரு மேடம் தூக்குவாங்க?’ன்னு. நான் சொன்னேன், ‘யாரும் தூக்க வேண்டிய நெலமையில நான் இருந்ததில்ல’ன்னு. விடல அது. யாருகிட்ட வளந்தீங்கன்னுச்சு. மறைக்கறதுக்கு என்ன இருக்குதுன்னு சொன்னேன்.

உங்ககிட்டயும் சொல்றேன், இதுல ஒண்ணுமில்ல. அந்தியூர்ப் பக்கம் என்ற பெரியம்மா, அவங்களுக்குப் புள்ள இல்ல. ரெண்டு வயசுல என்னய அங்க குடுத்தாங்க. அதே கதைதான், வயிறு தொறக்கட்டும்னு. அவங்களத்தான் அம்மான்னு கூப்புட்டேன். எனக்கு எட்டு வயசாகறப்ப அவங்களுக்கு ஒரு பையன் பொறந்தான். என்ற ராசிதான்னு ஊரே சொல்லுச்சு. புதுப் பாவாட, காதுக்குத் தோடு, எல்லாம் எடுத்துக் குடுத்தாங்க. அப்பறம் ஒரு வாரம் இருந்துட்டு வரலாம்னு சொல்லிக் கூட்டியாந்து, என்னயப் பெத்த அம்மா வீட்டுல விட்டுட்டுப் போனாங்க. பெத்த அம்மா அவங்ககிட்டக் கேட்டுது, ‘இவ சோத்துக்கு மோரு ஊத்திக்குவாளா?’ன்னு. ‘எதுனாலும் சாப்புடுவா, தொந்தரவே இல்ல’ன்னாங்க பெரியம்மா. நல்ல பேருதான? ஒரு வாரம்னு சொன்னாங்கல்ல, ஏழாவது நாளு பேக்க எடுத்துக்கிட்டு வாசல்ல போயி உக்காந்துக்கிட்டேன். அதுக்கப்பறமும் கொஞ்ச நாளு உக்காந்தேன். தினமும் இல்லீங்க, ஞாயித்துக்கிழமை மட்டுந்தான். அப்பறம் அதும் நின்னு போச்சு. எந்திரிச்சு ஓட ஆரம்பிச்சேன். ஓட்டத்துல மாவட்டத்துலயே மொதலா வந்தேன். இதத்தான் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன், யாரும் தூக்காட்டியும் ஆளாகலாம்னு காட்டறதுக்கு.

சொல்லி முடிச்சுட்டுத் திரும்புனா, பக்கத்து நாற்காலில இந்த மனுசன் துண்ட வாயில வெச்சு அழுத்திக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுகறாரு. ‘எனக்குத் தெரியாதே வாணி. பெரியம்மா வீட்டுல கொஞ்ச நாள் இருந்தேன்னு மட்டுந்தான சொன்ன. தெரிஞ்சிருந்தா அந்தப் புள்ளைய வாசப்படி ஏத்தியிருக்க மாட்டனே’ங்கறாரு. அந்தப் புள்ளைக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? அந்தக் கவுன்சிலரும் அப்படியே தலைய ஆட்டிக்கிட்டு எழுதுது. என்னமோ ரெண்டு பேரும் சேந்து கண்டுபுடிச்சுட்ட மாதிரி. எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. என்னயப் பாத்து ஒருத்தன் பரிதாபப்பட்டு அழுகறதா? எருமைக்கு ஊசி போடற அதே மூஞ்சி.

அந்தப் பொண்ணு கேட்டுச்சு, இப்பக்கூட மனுவ வாபஸ் வாங்கலாம், ரெண்டு பேரும் என்ன சொல்றீங்கன்னு. மூஞ்சியத் தொடச்சுட்டு இவரு சொல்றாரு: ‘நாலு தடவ நான் போயிக் கூட்டியாந்தேன் மேடம். ஸ்கூலுக்கும் போனேன். இனி போக மாட்டேன். வெறுப்புல சொல்லல. நான் ஓடி ஓடிப் போயிக் கூப்புட்டதுல, வரோணும்னு அவளுக்கே தோணறதுக்கு ஒரு நாளும் நேரம் குடுக்கல. இந்தத் தடவ அவளுக்கா தோணட்டும். வர்றேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். பதினெட்டாந் தேதி வரைக்கும் இருக்குது. அதுக்கப்பறம்னாலும் செரி.’

அவ்வளவு வெவரமாப் பேசற ஆளே இல்லைங்க அவரு. யாரு சொல்லிக் குடுத்தாங்களோ.

ரெண்டு பேரும் என்னயப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்கறாங்க. ஃபேனு சுத்துது. வர்றேன். இதுல என்னங்க இருக்குது? ஒரு வார்த்தை. தினமும் ஸ்கூல் விட்டா புள்ளைங்ககிட்ட சொல்றதுதான், வர்றேன் வர்றேன்னு. வாயத் தொறந்தேன். டேபிளு மேல இருந்த தண்ணிய எடுத்துக் குடிச்சேன். காலைலருந்து தண்ணி குடிக்கல, அதான். நம்மளாப் போயி வர்றேன்னு சொல்லி, அப்பறம் அவங்க இல்ல வேண்டாம்னுட்டா? அதுக்கப்பறம் எங்கிட்டுப் போறது, சொல்லுங்க? அப்படியெல்லாம் நான் நெனைக்கல. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.

பேனாவ எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அதப் பாத்துட்டு அவரும் போட்டாரு. அவரு எழுத்தெல்லாம் கோணையா இருக்குது. என்றது ஒரே நேரா இருக்குது.

எங்க வந்துட்டோம்? சர்க்கரைக் குடோன் தெரியுதே, அப்ப கவுந்தப்பாடிதான். எந்திரிச்சுட்டாரு பாருங்க. இன்னும் ஸ்டாப்பே வரல, அதுக்குள்ள கம்பியப் புடிச்சுக்கிட்டுத் தள்ளாடிக்கிட்டு நிக்கறாரு. எளைச்சுட்டாரு. அவங்கம்மா என்னத்தப் போடுதோ சோறு.

நான் எதுக்குங்க எறங்கறது? எங்கிட்ட கோபி டிக்கெட் இருக்குது. இல்லீங்க, என்ற கையப் புடிக்காதீங்க. பேக்க நான் எதுக்கு மடியில எடுத்து வெச்சேன்னா, கீழ தூசி. நீங்க சின்னப் பொண்ணு, உங்களுக்குத் தெரியாது. வாசல்ல வந்து நின்னு ஒரு தடவ, ஒரே தடவ, போலாமா வாணின்னு கேட்டா போதும். அது அவருக்குப் பழக்கமான வார்த்தைதான? நான் சொல்லோணுமாமா. பதினொரு வருசமாச் சொல்லாதவ இன்னிக்கு பஸ்ஸுல இத்தன பேரு முன்னால கத்தோணுமாமா.

கண்டக்டர் என்ன கேக்கறாரு? யாராச்சும் எறங்கறீங்களான்னா? இல்லைன்னு சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க. எனக்குச் செருப்பு வாரு கழண்டுக்கிச்சு, குனிஞ்சு அதப் பாக்கறேன்.

எடுத்துட்டானா பஸ்ஸ?

போயிட்டாரா?

அதான். நான் என்ன சொன்னேன் உங்ககிட்ட? பாசம், பந்தம், ஒட்டிக்கற வகை. எறங்குனதும் தொடச்சுப் போட்டுட்டு விறுவிறுன்னு போயிருப்பாரே? திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டாரு. எல்லாரும் அப்படித்தானுங்க. ஒரு வாரம்பாங்க. இத நான் எட்டு வயசுலயே பாத்தாச்சு, எனக்கு ஒண்ணும் புதுசில்ல. நீங்க எதுக்கு இப்பக் கண்ணக் கசக்கறீங்க? பத்து எண்ணட்டுமா?

என்ன சொன்னீங்க?

நின்னாரா? எங்க நின்னாரு? பொய் சொல்லாதீங்க அம்மிணி, எனக்கு ஆறுதல் சொல்றவங்களக் கண்டாலே ஆகாது. இந்த ஜன்னலுக்கு நேராவா? நான் குனிஞ்சிருந்தப்பவா? எதாச்சும் சொன்னாரா? வாயி அசைஞ்சுதா? சும்மா பாத்துக்கிட்டு மட்டும் நின்னாரா. பஸ்ஸு கெளம்புனப்பறமும்? பெட்ரோல் பங்க்குத் திருப்பம் வரைக்கும் நின்னாரா? அது ரொம்ப தூரமுங்களே. அத்தன நேரம் வெயில்லயா நின்னாரு? கூறு கெட்ட மனுசன், வெயிலு ஒத்துக்காது அவருக்கு, பித்தம் ஏறிக்கும். தோள்ல கெடந்த துண்ட எடுத்துத் தலைல போட்டுக்கத் தெரியாது. போட்டிருந்தாரா?

உங்க போனு அடிக்குது. அடிக்கட்டும், அப்பறம் பேசிக்கலாம். நீங்க சொல்லுங்க. எறங்குனதும் மொதல்ல இந்தப் பக்கம் திரும்புனாரா, இல்ல நேரா இந்த ஜன்னலுக்கே வந்தாரா? இன்னொருக்கா சொல்லுங்க. மொதல்லருந்து சொல்லுங்க.